முதல் நாள் படங்களைப் பற்றிக் கேட்காதீர்கள்

குழந்தைகளின் பாலியல் வன்கொடுமைப் படங்களைப் பார்த்துப் பிடிபட்ட ஒருவர் முதன்முறை ஆலோசகரான உங்கள் எதிரில் உட்காரும்போது, உயிரைப் பற்றிக் கேளுங்கள். "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சுட்டீங்களா? இன்னைக்கு ராத்திரி வீட்டில் யார் இருப்பாங்க?" போலீஸ் வந்து லேப்டாப்பை எடுத்துப்போன முதல் சில நாட்களில் இவர்களுக்குத் தற்கொலை ஆபத்து மிக அதிகம். 16 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் நாள் குறிப்பில் இதைத் தவிர வேறொன்றும் எழுதுவதில்லை. உயிரோடு இருந்தால்தான் அவர் செய்ததற்குப் பொறுப்பேற்க முடியும்.

அடுத்தது ரகசியத்தின் எல்லை. எதை வெளியே சொல்ல மாட்டீர்கள், எதைச் சட்டப்படி சொல்லியே ஆக வேண்டும் என்பதை அவர் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இப்போது ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் இங்கேயே போனை எடுப்பேன் என்று நான் சொல்வேன். அதைக் கேட்டு எழுந்து போனவர்கள் உண்டு. பாதி சொன்ன பிறகு ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பதைவிட அது மேல்.

'ஆபாசப் படம்' என்ற சொல்லை அறைக்குள் விடாதீர்கள். அது நடந்த வன்கொடுமையின் பதிவு. "நான் யாரையும் தொட்டதில்ல மேடம், படம்தானே பார்த்தேன்" என்று அநேகமாக எல்லாருமே சொல்வார்கள். வாதாட வேண்டாம். "அந்தப் படம் எடுக்கும்போது அந்த அறையில் யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை நீங்களாகக் கலைக்கக் கூடாது.

அவர் மறுபடி குற்றம் செய்யும் ஆபத்தை அளக்கும்போது உங்கள் கோபத்தையும் நம்பாதீர்கள், உங்கள் இரக்கத்தையும் நம்பாதீர்கள். கனடா ஆய்வாளர் மைக்கேல் சீட்டோவும் சகாக்களும் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011-ல் வெளியிட்ட தொகுப்பாய்வில், இணையக் குற்றவாளிகளில் (பெரும்பாலும் இப்படிப் படம் பார்த்தவர்கள்) சுமார் 12 சதவீதம் பேர்மீதுதான் முன்பு நேரடிப் பாலியல் குற்றம், அதாவது நேரில் ஒருவர்மீது செய்த குற்றம், பதிவாகியிருந்தது. அவர்களிடமே கேட்டறிந்த ஆய்வுகளில் சுமார் 55 சதவீதம் பேர் அப்படிச் செய்ததை ஒப்புக்கொண்டார்கள். அதே சமயம், ஒன்றரை முதல் 6 வருடம் வரையான தொடர்கவனிப்பில் மறுபடி பாலியல் குற்றத்தில் பிடிபட்டவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. இந்த மூன்று எண்களையும் சேர்த்தே மனதில் வையுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் தவறான முடிவுக்குத்தான் போவீர்கள். இவர்களுக்கென்றே 2015-ல் வந்த சிபோர்ட் என்ற 7 அம்ச மதிப்பீட்டுக் கருவி இருக்கிறது, அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

இனிதான் உண்மையான வேலை. "திடீர்னு நடந்துபோச்சு" என்பார். ஒரு தாளைக் கொடுத்து, கடைசியாகப் பார்த்த இரவிலிருந்து பின்னோக்கி 24 மணி நேரத்தை எழுதச் சொல்லுங்கள். ஒருவர் எழுதியதை அடையாளம் தெரியாதபடி மாற்றித் தருகிறேன். காலையில் மேலாளர் எல்லார் முன்னாலும் திட்டினார். மதியம் சாப்பிடவில்லை. இரவு 7 மணிக்கு, என்ன ஆச்சு என்று கேட்ட மனைவியிடம் "ஒண்ணுமில்ல" என்றார். 10 மணிக்கு லேப்டாப்பைத் திறந்து ஏதேதோ வீடியோக்கள். பதினொன்றரைக்குக் கதவைத் தாழிட்டார். "கொஞ்ச நேரம்தான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். 12 மணிக்கு அந்தப் படங்கள்.

இதில் தப்பு எங்கே தொடங்கியது என்று கேட்டேன். தாழ்ப்பாளை வட்டமிட்டார். நான் 7 மணியை வட்டமிட்டேன். "ஒண்ணுமில்ல" என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் அடுத்த மூன்று மாதமும் போயிற்று. அவமானப்பட்டால் அதை வாய்விட்டுச் சொல்வது, 10 மணிக்குமேல் கணினி கூடத்தில் இருப்பது, "கொஞ்ச நேரம்தான்" என்ற குரல் கேட்டதும் எழுந்து வெளியே போவது என்று இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு மாற்றை அவரே எழுத வேண்டும். நீங்கள் எழுதிக்கொடுத்தால் பயன்படாது.

பழி மேலாளர்மேல் போய்விடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். திட்டு வாங்குகிறவர்கள் எல்லாரும் அங்கே போய் நிற்பதில்லை. குழந்தைகள்மேல் பாலியல் ஈர்ப்பு இருக்கிறதா என்று கூசாமல் கேளுங்கள். சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது; சிகிச்சை அதைப் பொறுத்து மாறும். இருந்தால் மனநல மருத்துவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மருந்தால் இச்சையைத் தணிக்க வழி உண்டு.

என் முதல் வருடத்தில் ஒரு பெரிய தவறு செய்தேன். என்னிடம் வந்த ஒருவரை, படத்தில் இருந்த குழந்தைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதவைத்தேன். அழுதுகொண்டே அருமையாக எழுதினார், நானும் அழுதேன். ஆறு வாரத்தில் மறுபடி பார்த்தார். பிறகுதான் படித்தேன்: நேரடிக் குற்றம் செய்தவர்களோடு ஒப்பிட்டால் இணையக் குற்றவாளிகளுக்குப் பாதிக்கப்பட்டவர்மேல் இரக்கம் சராசரியாக அதிகமே. இருப்பதை ஊட்டிக்கொண்டிருந்தேன். நல்லெண்ணம் மட்டும் போதாது. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் பல வருடம் நடந்த பாலியல் குற்றவாளிகளுக்கான திட்டத்தை 2017-ல் மதிப்பிட்டபோது, சிகிச்சை பெற்றவர்களில் 10 சதவீதமும் பெறாதவர்களில் 8 சதவீதமும் மறுபடி பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். அது இணையக் குற்றத்துக்கென்றே வகுத்த திட்டம் அல்ல. இருந்தாலும் அந்த அறிக்கை என்னை உலுக்கியது.

பலன் தரும் வழியும் இருக்கிறது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 'பிரிவென்ட் இட்' என்ற 8 வார இணையவழி அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை), பெயர் சொல்லாமலே சேர்ந்த 160 பேரிடம் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். ஒப்பீட்டுக் குழுவைவிடச் சிகிச்சைக் குழு அப்படங்களில் செலவழித்த நேரம் அதிகம் குறைந்தது. பிடிபடும் முன்பே உதவி தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கும் அது சான்று. அப்படி ஒருவர் உங்களைக் கூப்பிட்டால் அன்றைக்கே நேரம் கொடுங்கள்.

மனைவியைக் காவல்காரி ஆக்காதீர்கள். அவருக்கும் அடி விழுந்திருக்கிறது. அவருக்குத் தனியாக வேறொரு ஆலோசகர் வேண்டும்.

சிகிச்சை முடியும் நாளில் அந்தப் பழைய தாளைத் திரும்பக் கொடுங்கள். பின்பக்கத்தில், சறுக்கும்போது அவர் கூப்பிட வேண்டிய இருவரின் எண்கள் இருக்கட்டும். எப்போது கூப்பிட வேண்டும் என்பதையும் அவர் கையாலேயே எழுதவையுங்கள்: இரவு 7 மணிக்கு, "ஒண்ணுமில்ல" என்று சொல்லத் தோன்றும்போது.