ஒளி மங்கினால் பிணைப்பு விட்டதாகிவிடாது

காட்பாடியில் ரயிலிறங்கி வேலூருக்குச் சிகிச்சைக்கு வரும் புற்றுநோயாளிகளில் பலருக்குக் கட்டியின் உட்பகுதி ஆக்சிஜனின்றித் தவிக்கிறது. அந்தப் பகுதி கதிர்வீச்சுக்கு எளிதில் மசிவதில்லை. இவ்வூர் ஆய்வுக்கூடங்களில் இதையே திட்டப்பணிக்கு எடுக்கும் மாணவர்களைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் செல்லுக்குள் புரதங்கள் பிணைவதைப் படம் பிடிக்கும்போது ஒரு தவறு திரும்பத் திரும்ப நேர்கிறது.

ஆக்சிஜன் குறைந்ததைச் செல்லுக்கு உணர்த்துவது ஹிஃப்-1 ஆல்ஃபா (சுருக்கமாக ஹிஃப்) என்ற புரதம். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் அதில் ஹைட்ராக்சில் என்ற சிறு வேதித்தொகுதி ஏறும். அந்தத் தொகுதியைப் பிடித்துக்கொண்டு விஎச்எல் என்ற இன்னொரு புரதம் ஹிஃப்புடன் பிணையும், ஹிஃப் அழிக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் இந்தப் பிணைப்பு விட்டுப்போகும். 2019 மருத்துவ நோபல் பரிசு இத்துறைக்குத்தான் கிடைத்தது.

பிணைப்பைக் காண, மின்மினியில் ஒளி உண்டாக்கும் நொதியான லூசிஃபெரேஸை இரு துண்டாக்கி ஆளுக்கொரு துண்டாக ஒட்டுகிறோம். புரதங்கள் சேர்ந்தால் துண்டுகளும் சேர்ந்து ஒளிரும். இங்கேதான் வினை. லூசிஃபெரேஸ் ஒளிரவே ஆக்சிஜன் வேண்டும்! அது மிகவும் குறைந்தால், பிணைப்பு அப்படியே இருந்தாலும் ஒளி மங்கும். நாம் எதிர்பார்த்த திசையிலேயே பிழையும் சாய்வதால் எவருக்கும் சந்தேகம் எழாது. முடிவு அழகாக வந்துவிட்டதென்று எழுதி வைத்துவிடுவார்கள். துண்டாக்காத முழு லூசிஃபெரேஸை, ஆக்சிஜன் குறைத்த அதே பெட்டி போன்ற அறையில் அதே நேரம் அளந்து, அதோடு ஒப்பிட்ட பிறகே வாய் திறக்க வேண்டும். டிஎம்ஓஜி என்ற வேதிப்பொருளைச் சேர்த்தும் பாருங்கள்: ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே ஹைட்ராக்சில் ஏறுவதை அது தடுக்கும். அப்போதும் ஒளி குறைந்தால் பிணைப்பு உண்மையிலேயே விட்டிருக்கிறது என நம்பலாம்.

பச்சை ஒளிர்புரதமும் (ஜிஎஃப்பி) தப்பவில்லை. புதிதாக உருவாகும் ஜிஎஃப்பி முதிர்ந்து ஒளிர ஆக்சிஜன் தேவை; முன்பே முதிர்ந்தவை மட்டும் ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

அடுத்தது அவசரம். செல் வளரும் தட்டை அந்த அறையில் வைத்த கணமே செல்லுக்கு ஆக்சிஜன் குறைந்துவிடாது. வளர்ப்பு ஊடகத்தில் கரைந்திருப்பது வெளியேற மணிக்கணக்காகும். ஊடகத்தை முன்கூட்டியே அறைக்குள் வைத்துப் பழக்குங்கள். வெளியே எடுக்கும்போது நிலைமை நேர்மாறு: காற்று பட்டால் ஹிஃப்பின் அரை ஆயுள் ஏறக்குறைய 5 நிமிடம்தான். தட்டைக் கையில் ஏந்திப் பக்கத்து அறை நுண்ணோக்கிக்கு நடப்பதற்குள் பாதி போய்விடும். செல்களை அறைக்குள்ளேயே நிலைப்படுத்திவிடுங்கள்.

கடைசியாக, இரு புரதங்களுக்கும் ஏற்றிய சிவப்பும் பச்சையும் கலந்து மஞ்சளாகத் தெரிந்தால் அது பிணைப்பு ஆகாது. சாதாரண கன்ஃபோக்கல் நுண்ணோக்கி சுமார் 200 நானோமீட்டருக்குள் இருப்பவற்றைப் பிரித்துக் காட்டாது. ஒரு ஒளிர்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றல் தாவுவதை அளக்கும் ஃப்ரெட் முறைக்கோ இரண்டும் 10 நானோமீட்டருக்குள் நெருங்கியிருக்க வேண்டும்.