ஜாங்கோ டெம்ப்ளேட்டில் திரும்பத் திரும்ப வரும் துண்டைப் பிரித்தெடுப்பது: படிப்படியாக

ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் சட்டகம்) எழுதிய ஒரு தளம்: முகப்பு, பிரிவுப் பக்கம், தேடல் முடிவு. மூன்றிலும் ஒரே பதிவு அட்டை: தலைப்பு, எழுதியவர் பெயர், தேதி, எழுதியவருக்கு மட்டும் தெரியும் ‘திருத்து’ பொத்தான், ‘சேமித்து வை’ என்ற சின்னப் படிவம். மூன்று டெம்ப்ளேட்டிலும், அதாவது பக்கத்தின் எச்டிஎம்எல் அச்சுக்கோப்பிலும், அதே 40 வரி நகலெடுத்து ஒட்டப்பட்டிருக்கிறது. இதை ஓரிடத்துக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

வெட்டி ஒட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் வெட்டிய துண்டு அதுவரை சுற்றுப்புறத்திலிருந்து எதையெல்லாம் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தது என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஜாங்கோ டெம்ப்ளேட் ஒரு மாறியைக் காணவில்லை என்றால் பிழை காட்டாது, வெற்றுச் சரத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடும். பக்கம் திறக்கும், பொத்தான் மட்டும் இருக்காது.

ஜாங்கோ நிறுவி, ஒரு வியூ (கோரிக்கைக்குப் பதில் தரும் செயற்கூறு) எழுதி, டெம்ப்ளேட்டைக் காட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன், நிரலில் ஆங்கில எழுத்தில்தான் வரவேண்டும்.

படி 1: முதலில் படம் பிடித்து வையுங்கள்

எதையும் தொடுமுன் மூன்று பக்கங்களின் எச்டிஎம்எல் வெளியீட்டையும் டெஸ்ட் கிளையன்ட் (உலாவி இல்லாமலே பக்கத்தைக் கேட்கும் ஜாங்கோ கருவி) வழியாக எடுத்துக் கோப்பில் சேமியுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று நிலையில் எடுக்க வேண்டும்: உள்நுழையாதவர், உள்நுழைந்த வாசகர், பதிவை எழுதியவர். ஆக 9 கோப்புகள். மாற்றியபின் புது வெளியீட்டை இவற்றோடு ‘அசர்ட்எச்டிஎம்எல்ஈக்வல்’ கொண்டு ஒப்பிடுங்கள். அது இடைவெளியையும் பண்புகளின் வரிசையையும் பொருட்படுத்தாது.

ஒப்பீடு வீணாகத் தோற்க இரண்டு காரணங்கள் உண்டு. சிஎஸ்ஆர்எஃப் டோக்கனின் (படிவம் நம் தளத்திலிருந்தே வருகிறது என்று உறுதிசெய்யும் ரகசியச் சரம்) மதிப்பு ஒவ்வொரு முறையும் மாறும், எனவே ஒப்பிடுமுன் அதை ஒரு நிலையான சொல்லால் மாற்றிவிடுங்கள். சோதனைத் தரவில் முதன்மை எண்ணையும் தேதியையும் நீங்களே கொடுங்கள். தானியங்கி எண்ணை நம்பினால் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் சோதனைகளின் வரிசை மாறும்போதெல்லாம் எண்ணும் மாறும்.

படி 2: இன்க்ளூட், வேறெதுவும் இல்லாமல்

அட்டையின் வரிகளைத் தனிக் கோப்புக்கு நகர்த்துங்கள். பெயரின் முன்னால் ஓர் அடிக்கோடு போட்டால் அது முழுப் பக்கமல்ல, துண்டு என்று பார்த்ததும் தெரியும். மூன்று பக்கத்திலும் ஃபார் சுழலுக்குள் ஒரு இன்க்ளூட் வரி, அதாவது அந்தக் கோப்பை அங்கே கொண்டுவரும் கட்டளை. சோதனையை ஓட்டுங்கள்.

இங்கே தடுக்குபவை:

– மூலப் பக்கத்தில் லோட் செய்த டேக்குகள் (டெம்ப்ளேட் கட்டளைகள்) துண்டுக்குள் தாமாக வராது. துண்டின் தலையில் மறுபடி லோட் செய்ய வேண்டும். செட்டிங்ஸில் ‘பில்ட்இன்ஸ்’ பட்டியலில் போட்டு இதைத் தவிர்க்கலாம்தான். நான் பரிந்துரைக்க மாட்டேன், ஆறு மாதம் கழித்து அந்த டேக் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டிவரும்.

– துண்டுக்குள் பிளாக் (வேறு டெம்ப்ளேட் மாற்றி எழுதக்கூடிய பகுதி) வைத்தால், அழைக்கும் பக்கம் அதை மாற்றி எழுத முடியாது. இன்க்ளூட் என்பது தனியாக ரெண்டர் செய்து (மதிப்புகளை நிரப்பி) முடித்த எச்டிஎம்எல்லைக் கொண்டுவந்து ஒட்டுவது. ஒரு டெம்ப்ளேட்டை இன்னொன்றின் மேல் கட்டும் எக்ஸ்டென்ட்ஸ் போல இரண்டையும் பின்னுவதில்லை.

சுழலுக்குள் 50 முறை இன்க்ளூட் செய்தால் கோப்பை 50 முறை படிக்குமோ என்ற பயம் வேண்டாம். ஒரு ரெண்டருக்குள் ஒருமுறை படித்ததையே திரும்பப் பயன்படுத்தும்.

படி 3: ஒன்லி போடுங்கள், உடையட்டும்

சாதாரண இன்க்ளூட் அழைக்கும் பக்கத்தின் கான்டெக்ஸ்ட் (டெம்ப்ளேட்டுக்குக் கிடைக்கும் மாறிகளின் தொகுப்பு) முழுவதையும் துண்டுக்குக் கொடுத்துவிடும். முகப்பில் சுழல் மாறி ‘போஸ்ட்’ என்றும் தேடலில் ‘ரிசல்ட்’ என்றும் இருந்தால் ஒரு பக்கத்தில் அட்டை காலியாக வரும். எனவே வரியை இப்படி மாற்றுங்கள்:

{% இன்க்ளூட் "போஸ்ட்ஸ்/_கார்ட்.எச்டிஎம்எல்" வித் போஸ்ட்=ரிசல்ட் ஒன்லி %}

ஒன்லி போட்டதும் துண்டுக்கு வெளியுலகம் தெரியாது. நீங்கள் பெயர் சொல்லிக் கொடுத்தது மட்டுமே உள்ளே போகும். இப்போது சோதனை தோற்கும். தோற்க வேண்டும், அந்தத் தோல்விகள்தான் இத்தனை நாள் மறைந்திருந்த சார்புகளின் பட்டியல்.

நம் அட்டையில் இரண்டு அகப்படும். முதலாவது ‘யூசர்’. இது கான்டெக்ஸ்ட் புராசசர், அதாவது பொதுவான மாறிகளைக் கான்டெக்ஸ்ட்டில் சேர்க்கும் செயற்கூறு, தருவது. எங்கும் கிடைக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள், ஒன்லிக்குப் பின் கிடைக்காது. இஃப் நிபந்தனை பொய்யாகி, ‘திருத்து’ பொத்தான் மறையும். இரண்டாவது சிஎஸ்ஆர்எஃப் டோக்கன். படிவம் வழக்கம்போலத் தெரியும், பொத்தானை அழுத்தினால் 403 (அனுமதி மறுப்பு). டீபக் (பிழைதேடும்) நிலையில் சர்வர் ஓடும் முனையத்தில் எச்சரிக்கை ஒன்று வரும், பலர் அதைக் கவனிப்பதில்லை. இரண்டையும் வித் பகுதியில் வெளிப்படையாகக் கொடுங்கள்: யூசர்=யூசர், சிஎஸ்ஆர்எஃப்_டோக்கன்=சிஎஸ்ஆர்எஃப்_டோக்கன்.

காணாத மாறிகளைப் பிடிக்க ‘ஸ்ட்ரிங்_இஃப்_இன்வேலிட்’ அமைப்பு உண்டே என்று கேட்கலாம். அச்சிடும் இடத்தில் அது உதவும். இஃப், ஃபார் இரண்டிலும் காணாத மாறி ‘நன்’ (மதிப்பு இல்லை) ஆகவே கொள்ளப்படும், நம் பொத்தான் பிரச்சினை அதில் சிக்காது. போதாததற்கு அட்மின் பக்கங்களே அந்த மௌனத்தை நம்பி எழுதப்பட்டவை. சற்றுநேரம் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள். ஜின்ஜா என்ற மாற்று டெம்ப்ளேட் கருவியைப் பயன்படுத்துவோருக்கு இதில் கொடுப்பினை: ‘ஸ்ட்ரிக்ட்அன்டிஃபைன்ட்’ போட்டால் இஃப் நிபந்தனையிலும் பிழை எழும்.

படி 4: கணக்கு இருந்தால் மட்டும் இன்க்ளூஷன் டேக்

யூசர்=யூசர் என்று மூன்று இடத்தில் எழுதுவது சலிப்பு. ‘இவர் திருத்தலாமா’ என்ற முடிவும் டெம்ப்ளேட்டில் இருக்க வேண்டியதல்ல. அதனால் அடுத்த கட்டம் இன்க்ளூஷன் டேக்: பைத்தான் செயற்கூறு தரும் மதிப்புகளைக் கொண்டு ஒரு டெம்ப்ளேட்டை நிரப்பும் சொந்த டேக். அட்டையில் கணக்கு எதுவும் இல்லையென்றால் படி 3 உடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆப்பின் கோப்புறைக்குள் ‘டெம்ப்ளேட்டேக்ஸ்’ என்று ஒரு கோப்புறை, அதற்குள் வெற்று ‘__இனிட்__’ கோப்பு, கூடவே உங்கள் டேக் கோப்பு. அந்த ஆப் ‘இன்ஸ்டால்ட்_ஆப்ஸ்’ பட்டியலில் இருக்க வேண்டும். உருவாக்கியதும் சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். புதிய டேக் கோப்புறைக்காக அது தானாக மறுதொடக்கம் செய்யாது, ‘பதிவு செய்யப்படாத நூலகம்’ என்ற பிழைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

செயற்கூறை ‘டேக்ஸ்_கான்டெக்ஸ்ட்’ உண்மை என்று பதிவு செய்யுங்கள். அப்போது முதல் அளவுருவின் பெயர் ‘கான்டெக்ஸ்ட்’ என்றே இருக்க வேண்டும். வேறு பெயர் வைத்தால் ஏற்காது.

மெதுவாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். கான்டெக்ஸ்ட்டை வாங்குவது உங்கள் பைத்தான் செயற்கூறு மட்டுமே. அட்டையின் டெம்ப்ளேட்டுக்குப் போவதோ, நீங்கள் திருப்பி அனுப்பும் டிக்‌ஷனரி மட்டும். ‘டேக்ஸ்_கான்டெக்ஸ்ட் போட்டாயிற்றே, யூசர் ஏன் காலியாக வருகிறது’ என்ற குழப்பம் இங்கிருந்துதான் பிறக்கிறது. சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை மட்டும் ஜாங்கோவே உள்ளே எடுத்துச் செல்லும், இன்க்ளூட்–ஒன்லி இணைக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே டிக்‌ஷனரியில் யூசரையே அனுப்பாமல், முடிவை அனுப்புங்கள்: ‘போஸ்ட்’, ‘கேன்_எடிட்’ என இரண்டு சாவிகள்.

‘கேன்_எடிட்’ கணக்கில் இரண்டு குழிகள். யூசரைச் சதுர அடைப்பில் எடுக்காமல் ‘கெட்’ முறையில் எடுங்கள். ரிக்வெஸ்ட் இல்லாமல் ரெண்டர் ஆகும் இடங்களில், உதாரணமாக இயல்பான 500 பிழைப் பக்கத்தில், யூசரே இருக்காது. அடுத்தது, எழுதியவரின் எண்ணையும் யூசரின் எண்ணையும் மட்டும் ஒப்பிட்டால், உள்நுழையாதவரின் எண் ‘நன்’. எழுதியவர் இல்லாத பழைய பதிவிலும் ‘நன்’. இரண்டும் சமமாகி, முகம் தெரியாதவருக்குத் திருத்து பொத்தான் போகும். உள்நுழைந்தவரா என்று முதலில் பாருங்கள். பொத்தானை மறைப்பது பாதுகாப்பும் அல்ல, திருத்தும் வியூவிலும் அதே சரிபார்ப்பு வேண்டும்.

எச்டிஎம்எல்லைப் பைத்தான் சரமாகக் கட்டி ‘மார்க்_சேஃப்’ (இது பாதுகாப்பானது, மாற்றாதே என்ற குறி) போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ‘ஃபார்மட்_எச்டிஎம்எல்’.

படி 5: வினவல்களை எண்ணுங்கள்

அட்டை எழுதியவர் பெயரைக் கேட்கிறது. முகப்பு வியூவில் ‘செலக்ட்_ரிலேட்டட்’ (தொடர்புடைய தரவையும் ஒரே வினவலில் எடுக்கும் முறை) இருந்து தேடல் வியூவில் இல்லையென்றால், 30 முடிவுகளுக்கு 30 கூடுதல் வினவல். துண்டு பொதுவானதும் அதன் தேவையும் பொதுவாகிறது. எனவே குவெரிசெட்டில் (தரவுத்தள வினவலைக் குறிக்கும் பொருள்) ‘ஃபார்_கார்ட்ஸ்’ போன்ற ஒரு முறை எழுதி மூன்று வியூவும் அதையே அழைக்கட்டும். வினவல் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் ‘அசர்ட்நம்குவெரீஸ்’ சோதனையை 3 பதிவுக்கும் 10 பதிவுக்கும் ஓட்டுங்கள். எண் மாறக்கூடாது.

பின்சேர்க்கை

ஜாவாஸ்கிரிப்ட் கேட்கும்போது ஒரே அட்டையை மட்டும் திருப்பி அனுப்ப ‘ரெண்டர்_டு_ஸ்ட்ரிங்’ பயன்படுத்தினால், ரிக்வெஸ்ட்டையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையேல் கான்டெக்ஸ்ட் புராசசர்கள் ஓடாது, மறுபடி அதே காணாமல்போன பொத்தான். அட்டை கோப்பை நேரடியாக ரெண்டர் செய்தாலும் ‘கேன்_எடிட்’ இருக்காது, ஏனென்றால் டேக் நடுவில் ஓடவில்லை. டேக்கை அழைக்கும் ஒரு வரி டெம்ப்ளேட் எழுதி அதை ரெண்டர் செய்வது சுலபம்.

ஜாங்கோ 5.2 முதல் ‘சிம்பிள்_பிளாக்_டேக்’ இருக்கிறது: தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலுள்ளதை வாங்கிக்கொள்ளும் டேக் எழுத. அட்டையின் வயிற்றுப்பகுதி பக்கத்துக்குப் பக்கம் வேறுபட்டால் அதுதான் பொருத்தம். 6.0 இல் ‘பார்ஷியல்டெஃப்’ வந்துவிட்டது: துண்டை அதே கோப்பிலேயே வரையறுத்து, வியூவிலிருந்து கோப்புப் பெயருக்குப் பின் # போட்டுத் துண்டின் பெயரைச் சொல்லி அழைக்கலாம். ஒரே பக்கத்துக்குள் திரும்ப வரும் துண்டுக்கு அதையே தேர்ந்தெடுப்பேன். மூன்று பக்கம் பகிரும் நம் அட்டைக்கு மட்டும் தனிக் கோப்பு, தனி டேக்.