கில்காமேஷ் காவியம்: படிக்க ஒரு சின்ன யோசனை

கில்காமேஷ் பழைய மெசொப்பொத்தேமியாவின் (இன்றைய இராக்) ஓர் அரசன். சாவை வெல்லப் புறப்பட்ட அவன் கதையை ஒரே மூச்சில் படித்து முடிக்காதீர்கள். அந்நாட்டின் பழைய மொழியான அக்காடியத்தில் உள்ள பிரதி 12 களிமண் பலகைகளாக இருக்கிறது. நாளுக்கு ஒரு பலகை, அதுவும் வாய்விட்டு. மொழிபெயர்ப்பின் நடுவில் வரும் புள்ளிகளைப் பார்த்து மிரள வேண்டாம். அங்கே பலகை உடைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

திரும்பத் திரும்ப வரும் வரிகளைத் தாண்டத் தோன்றும். தாண்டாதீர்கள். 10-ஆம் பலகையில் மதுக்கடைக்காரி சிதுரி, படகோட்டி உர்ஷனாபி, பிரளயத்தில் தப்பிய உத்னபிஷ்டிம் என மூவரிடமும் கில்காமேஷ் அதே புலம்பலைப் புலம்புகிறான். நண்பன் என்கிடுவின் மூக்கிலிருந்து புழு விழும்வரை உடலைப் புதைக்கவே விடவில்லையாம். மூன்றாவது முறை படிக்கும்போதுதான் அந்தச் சாவுப் பயம் நமக்கும் ஒட்டுகிறது.

11-ஆம் பலகை என்றாலே எல்லோரும் பிரளயத்துக்குத்தான் ஓடுவார்கள். 1872-இல், பிரிட்டிஷ் மியூசியத்தில் இந்தப் பலகைகளைப் படித்த ஜார்ஜ் ஸ்மித் அதை வெளியிட்டதிலிருந்தே அப்படித்தான். எனக்கென்னவோ அதற்கு அடுத்து வரும் ரொட்டிக் காட்சிதான் பெரிது. சாவை வெல்ல வந்தவனுக்கு உத்னபிஷ்டிம் ஒரு சோதனை வைக்கிறான்: ஆறு பகல் ஏழு இரவு விழித்திருக்க வேண்டும். உட்கார்ந்ததுமே தூங்கிவிடுகிறான். உத்னபிஷ்டிமின் மனைவி தினம் ஒரு ரொட்டி சுட்டுத் தலைமாட்டில் வைக்கிறாள். எழுந்தவன், 'இப்போதுதானே கண் அசந்தேன்' என்கிறான். முதல் ரொட்டி காய்ந்து கிடக்கிறது, கடைசி ரொட்டி இன்னும் தணலில். இங்கே புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்சம் யோசியுங்கள்.

12-ஆம் பலகையை மட்டும் தனியாக வையுங்கள். 7-ஆம் பலகையில் செத்த என்கிடு அதில் உயிரோடு வருவான். அக்காடியத்துக்கு முந்தைய மொழியான சுமேரியத்தின் பழைய பாடல் ஒன்றின் மொழிபெயர்ப்பைப் பின்னால் சேர்த்திருக்கிறார்கள், குழம்ப வேண்டாம்.