அன்னாசி ஷார்ட்பிரெட்: அடிப்பகுதி ஈரம் கோக்காமல் சுடுவது

மைதா 300 கிராம், வெண்ணெய் 200 கிராம், சர்க்கரை 100 கிராம் என்ற வழக்கமான அளவில் மாவு பிசைந்து, நடுவில் அன்னாசிப் பூரணம் வைத்து நான் சுட்ட ஷார்ட்பிரெட் (வெண்ணெய் மிகுந்த, உதிரியான பிஸ்கட் வகை) துண்டுகள் மேலே பொன்னிறமாக வந்தாலும், அடியில் மட்டும் ஈரம் கோத்து, வேகாத மாவாகவே நின்றன. பழச்சாறு பச்சை மாவுக்குள் இறங்கிவிடுவதே இதற்குக் காரணம்.

ஆகவே இப்போது மாவில் மூன்றில் இரண்டு பங்கை ட்ரேயில் அழுத்திப் பரப்பி, முள்கரண்டியால் ஆங்காங்கே குத்தி, 180 டிகிரி செல்சியஸில் ஓரங்கள் இலேசாகச் சிவக்கும்வரை, ஏறத்தாழ 20 நிமிடம், தனியே சுட்டுக்கொள்கிறேன். பூரணத்துக்குத்தான் கூடுதல் பொறுமை வேண்டும்: பொடியாக நறுக்கிய அன்னாசியைச் சர்க்கரையுடன் அகன்ற வாணலியில் கிளறி, கரண்டியால் நடுவே கோடு இழுத்தால் வாணலியின் அடி தெரிந்து, சாறு உடனே ஓடிவந்து மூடாத பதம் வரும்வரை வற்றவிட வேண்டும். சோள மாவு (கார்ன்ஃப்ளார்) சேர்ப்பதானால், குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி, நன்றாகக் கொதித்த பிறகே இறக்க வேண்டும். இல்லையேல் அது சரியாகக் கெட்டிப்படாது, பச்சை வாசனையும் போகாது. ஆறிய பூரணத்தைப் பரப்பி, மீதி மாவை மேலே உதிர்த்துத் தூவி, அது சிவக்கும்வரை மீண்டும் சுடுகிறேன். சூட்டோடு வெட்டினால் நன்றாக வெந்ததும்கூட உதிர்ந்துவிடும் என்பதால், ட்ரேயிலேயே முழுவதும் ஆறவிட்ட பிறகுதான் கத்தி வைக்கிறேன்.