புதிய நிறுவனத்திற்கு முதல் ஐந்து பேரைச் சேர்ப்பது எப்படி?

புதிதாகத் தொடங்கிய நிறுவனத்திற்கு ஆள் சேர்க்க முனைபவர்கள் பெரும்பாலும் பதவியின் பெயரிலிருந்தே தொடங்குகிறார்கள். 'மார்க்கெட்டிங் மேனேஜர் தேவை' என்று லிங்க்ட்இனில் போட்டுவிட்டு, வந்து குவியும் விண்ணப்பங்களைப் பார்த்து மலைத்துப் போகிறார்கள். விளம்பரம் எழுதுவதற்கு முன்பு, நிறுவனர்கள் ஒவ்வொருவரும் தம்முடைய நாள் எதில் கழிந்தது என்பதை இரண்டு வாரங்களுக்கு அரைமணி நேரக் கணக்கில் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரிபாகக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை நாங்கள் இருவர் செய்யத் தொடங்கியபோது, அடுத்த தேவை இன்னொரு புரோகிராமர் என்றே நம்பிக்கொண்டிருந்தோம். நோட்டைப் புரட்டியபோது, எங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் கடைக்காரர்களின் தொலைபேசி அழைப்புகளுக்கும், அவர்களுடைய பழைய எக்செல் பட்டியல்களைச் சரிசெய்து ஏற்றுவதற்கும் போயிருந்தது. ஆகவே மொத்த விற்பனைக் கடையொன்றில் ஏழு ஆண்டுகள் பில் போட்ட ஒரு பெண்மணியைத்தான் முதலில் சேர்த்தோம். 'ஸ்டாக் ஏன் மைனஸில் காட்டுகிறது?' என்று கடைக்காரர் சீறினால், சரக்கு வந்திறங்கிய பிறகும் பர்ச்சேஸ் பில்லைப் பதியாமல் விற்பனையைத் தொடங்கியிருப்பார்கள் என்பதை அவர் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அரைநாள் ஆகும்.

இதிலிருந்து ஒரு விதியை வகுத்துக்கொள்ளலாம்: நீங்களே சில மாதங்களாவது செய்து பார்த்த வேலைக்கு மட்டுமே முதல் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும். செய்து பார்க்காத வேலையில் ஒருவர் நன்றாகச் செய்கிறாரா, சமாளிக்கிறாரா என்று பிரித்தறிய உங்களுக்கு வழியில்லை. விற்பனைக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். முதல் பத்து வாடிக்கையாளர்களை நிறுவனரே பிடிக்காத நிலையில், விற்பனையாளரைச் சேர்த்து இலக்கு நிர்ணயிப்பது அவருக்கும் அநியாயம்.

ஆளைத் தேடும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய சகாக்கள், கல்லூரி நண்பர்கள், அவர்கள் கைகாட்டுபவர்கள் என்றே தொடக்கம் அமையும். ஸோஹோ நிறுவனம் பள்ளிப் படிப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களைத் தானே பயிற்றுவித்து வேலைக்கு எடுப்பதைப் பார்த்து, 'நாமும் புதியவர்களை எடுத்து வளர்த்துவிடலாம்' என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வழி சிறந்ததுதான். ஆனால் சொல்லிக்கொடுக்க நேரமுள்ள ஒருவர் உள்ளே இருந்தால் மட்டுமே அது நடக்கும். ஐந்து பேருக்குள் ஒரு புதியவர் என்பது தாங்கக்கூடிய அளவு.

தேர்வு செய்வதற்கு நேர்காணலைவிட வேலையைப் பார்ப்பதே நம்பகமானது. நாங்கள் வாடிக்கையாளரின் பெயரை நீக்கிய உண்மையான சரக்குப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, அதை மென்பொருளில் ஏற்றத்தக்க வகையில் சீர்படுத்தச் சொல்வோம். அதில் '1 ஹெச்பி மோனோ', '1 எச்.பி. மோனோபிளாக்', 'மோனோ 1' என்று ஒரே பொருள் போலத் தோன்றுவது மூன்று பெயர்களில் இருக்கும். மூன்றையும் மளமளவென்று ஒன்றாக்கிவிடுபவரைவிட, 'மூன்றுக்கும் விலை வேறாக இருக்கிறதே, கடைக்காரரிடம் கேட்கலாமா?' என்று நிறுத்திக் கேட்பவரையே நாங்கள் தேடினோம். இத்தகைய சோதனை வேலை அரைநாளைத் தாண்டக் கூடாது. அதற்குக் கூலியும் கொடுத்துவிட வேண்டும். கூலி கொடுக்காமல் வாங்கிய வேலையைப் பிறகு தயாரிப்பில் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் உண்டு, அது வெறும் திருட்டு.

ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. பெரிய ஐ.டி. நிறுவனங்களில் 90 நாள் நோட்டீஸ் பீரியட் சாதாரணம். அந்த மூன்று மாதங்களில் உங்கள் ஆஃபர் லெட்டரைக் காட்டி அவர் வேறு மூன்று ஆஃபர்களை வாங்கிவிட முடியும். எங்களிடம் ஒருவர் முந்தைய நாள் மாலை வரை 'நாளைக்கு வந்துவிடுகிறேன்' என்று சொல்லிவிட்டு, சேர வேண்டிய காலையில் தொலைபேசியை அணைத்து வைத்துவிட்டார். அதன் பிறகு இரண்டு காரியங்களை வழக்கமாக்கிக்கொண்டோம். காத்திருக்கும் காலத்தில் வாரம் ஒருமுறை அலுவலகத்திற்கு அழைத்து, வேலை எதுவும் தராமல், வாடிக்கையாளர் கடைக்கு எங்களுடன் வரச் சொன்னோம். பெற்றோரிடம் பேச வேண்டுமா என்று நாங்களாகவே கேட்டோம். பெயர் தெரியாத நிறுவனத்தில் மகன் சேர்வதைப் பற்றி வீட்டில் இருக்கும் அச்சம், பெண் பார்க்கும் நேரத்தில் திடீரென்று ஆஃபரைத் திருப்பி அனுப்பும் அளவுக்குப் போவதுண்டு. கையில் எத்தனை மாதச் சம்பளத்திற்குப் பணம் இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொன்னபோது, அந்த அச்சம் பெரும்பாலும் தணிந்தது.

சம்பளத்தைக் குறைத்துப் பங்கு தருவதாகச் சொல்பவர்கள், சதவீதத்தை வாயால் சொல்லி நிறுத்திக்கொள்ளக் கூடாது. மொத்தம் 10,00,000 பங்குகள் இருந்தால் 1 சதவீதம் என்பது 10,000 பங்குகள். நான்கு ஆண்டு வெஸ்டிங்கில், அதாவது பங்கு ஒரேயடியாக இல்லாமல் நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாக உரிமையாகும் முறையில், முதல் ஆண்டு முடிவில் 2,500 பங்குகளும், அதன்பின் மாதம் சுமார் 208 பங்குகளும் அவருடைய உரிமையாகும். பின்னர் முதலீட்டாளருக்காக 2,50,000 புதிய பங்குகள் வெளியிடப்பட்டால் அதே 10,000 பங்குகள் 0.8 சதவீதமாகிவிடும். இதை ஒரு தாளில் எழுதி, அவர் முன்னாலேயே கணக்கிட்டுக் காட்டுங்கள். இப்படிக் கிடைப்பது பெரும்பாலும் பங்கு விருப்பம், அதாவது குறித்த விலையில் பின்னால் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை. அந்தப் பங்கை வாங்கும் நாளில், அதன் மதிப்புக்கும் அவர் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். இந்திய நிறுவனச் சட்ட விதிகளின்படி, பங்கு விருப்பத்தை வழங்குவதற்கும் அது வெஸ்ட் ஆவதற்கும் இடையே குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். பங்குதாரர்களின் தீர்மானமும் தேவை. எல்.எல்.பி.யாக, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையாகப் பதிவு செய்திருந்தால் கொடுப்பதற்குப் பங்கே கிடையாது என்பதைச் சிலர் வாக்குக் கொடுத்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

பகுதிநேரமாகவோ ஒப்பந்த முறையிலோ ஒருவர் நிரல் எழுதித் தந்தால், பதிப்புரிமையை எழுத்து மூலம் மாற்றிக்கொள்ளுங்கள். ஊழியர் பணியின்போது உருவாக்கியது, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, நிறுவனத்தைச் சேரும். ஒப்பந்தக்காரர் விஷயத்தில் அப்படித் தானாகச் சேராது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, மாற்றும் ஆவணத்தில் காலமும் பரப்பும் குறிப்பிடப்படாவிட்டால், ஐந்து ஆண்டுகளுக்கும் இந்தியாவுக்கும் மட்டுமே உரிமை மாறியதாகக் கொள்ளப்படும். அதற்கு மாறாக, 'விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது' என்ற வரியை இணையத்தில் கிடைக்கும் மாதிரியிலிருந்து நகலெடுத்துச் சேர்ப்பதில் பயனில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின் முன் அது நிற்காது.

பத்தாவது ஆளைச் சேர்க்கும்போது பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழுவை அமைக்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுவோருக்கு இ.எஸ்.ஐ.யும் அப்போதுதான் வருகிறது. பி.எஃப். இருபது பேரில் கட்டாயமாகிறது. இவற்றை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தால் போதும்.

சேர்த்தவர் பொருந்தவில்லை என்பது பொதுவாக மூன்றாவது மாதத்திலேயே தெரிந்துவிடும். நாங்கள் ஒருவர் விஷயத்தில் பதினோரு மாதங்கள் வாய் திறக்காமல் இருந்தோம், அதற்குள் அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்துவந்த இன்னொருவர் விலகிவிட்டார். நேரில் அமர்ந்து, எந்த வேலை எந்த நாளில் எப்படித் தவறியது என்று சொல்லிப் பிரியுங்கள். நோட்டீஸ் காலச் சம்பளத்தையும் ரிலீவிங் லெட்டரையும் அதே வாரத்தில் கொடுத்துவிட வேண்டும். அடுத்த நிறுவனத்தின் ஹெச்.ஆர். அவரிடம் முதலில் கேட்கப்போவது அந்தக் கடிதத்தைத்தான்.