"டைட்டா இருக்கே!" என்றதும் போடும் அந்த 10 மி.கி.

வயிற்றுச் சுவரைத் தைத்துக்கொண்டிருக்கும் சர்ஜன் தலையைத் தூக்காமலே "டைட்டா இருக்கே" என்கிறார். மயக்க மருத்துவரின் கை தானாக ரோகுரோனியம் என்ற தசைத்தளர்த்தி மருந்தின் சிரிஞ்சுக்குப் போகிறது. 10 மி.கி. ஏற்றியாயிற்று. தையல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். போட்ட மருந்தின் வேகம் அதற்குள் தணியாது. வயிற்று அறுவையில் தசைத்தளர்த்தி டோஸ் கோளாறாகும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பது என் எண்ணம்.

அந்த நேரத்தில் முதலில் மானிட்டரைப் பாருங்கள். டி.ஓ.எஃப். என்பது மணிக்கட்டு நரம்பை நான்கு முறை மின்னால் தூண்டிக் கட்டைவிரல் எத்தனை முறை துடிக்கிறது என்று பார்ப்பது. அந்த நான்கில் கட்டைவிரல் ஒன்றோ இரண்டோதான் காட்டுகிறது என்றால், பொதுவாக அந்தத் தளர்வே தைக்கப் போதும். வயிறு இறுக வேறு காரணம் இருக்கலாம்: மயக்கம் மேலோட்டமாகியிருக்கலாம், வலி மருந்து தேய்ந்திருக்கலாம், குடல் உப்பியிருக்கலாம். கொஞ்சம் புரோபோஃபால் (மயக்க மருந்து) போட்டாலே பல நேரம் வயிறு இளகிவிடும். மயக்கம் குறைந்த நோயாளிக்குத் தளர்த்தியை மட்டும் கூட்டினால் ஆள் அசைய மாட்டார், ஆனால் விழித்திருக்கக்கூடும். 1940-களில் ஸ்காட் ஸ்மித் என்ற மருத்துவர் தனக்கே கியூரேர் என்ற பழைய தசைத்தளர்த்தியைப் போடச் செய்து பார்த்தார். உடம்பு முழுக்க முடங்கியபோதும் நினைவு தெளிவாக இருந்தது, வலியும் தெரிந்தது.

"அரை மணி ஆச்சு, இன்னொரு டோஸ்" என்று கடிகாரம் பார்த்துப் போடுவது அடுத்த தவறு. 0.6 மி.கி./கிலோ ரோகுரோனியம் ஒருவருக்கு அரை மணியில் தேயும், இன்னொருவருக்கு ஒரு மணி நேரம் நிற்கும். முதுமை, கல்லீரல் கோளாறு, உடல் குளிர்தல், செவோஃபுளுரேன் போன்ற வாயுக்கள், மெக்னீசியம் எல்லாமே அதை இழுக்கும். பருமனானவருக்கு முழு எடைக்குக் கணக்குப் போட்டாலும் இதே கதைதான். உயரத்துக்கு ஏற்ற எடையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

லேப்ராஸ்கோபியில் கை இரண்டும் துணிக்குள் போய்விடும். சரி, முகத்தில் ஒட்டிக்கொள்ளலாம் என்று எலெக்ட்ரோடைப் புருவத்தருகே வைப்பார்கள். புருவத் தசை கட்டைவிரலுக்கு முன்பே மீண்டுவிடும். புருவம் நான்கும் துடிக்கும்போது கட்டைவிரல் ஒன்றிலேயே நிற்கலாம். அதை நம்பி மூச்சுக்குழாய் டியூபை எடுத்தால் வம்பு. முடிவு எடுக்கும் முன் கையை வெளியே எடுத்து மணிக்கட்டில் மாற்றி ஒட்டுங்கள்.

தளர்வை மீட்கப் போடும் நியோஸ்டிக்மினுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஆழமான தளர்வில் எவ்வளவு கூட்டினாலும் பயன் இல்லை. நான்கு துடிப்பும் வந்தபின் 0.05 மி.கி./கிலோ வரை கொடுத்து, முழு வேலை செய்யப் பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். இன்னொரு மீட்பு மருந்தான சுகமடெக்ஸ் வேகமானது: இரண்டு துடிப்பு வந்துவிட்டால் 2, அதைவிட ஆழமென்றால் 4 மி.கி./கிலோ. மிச்சம் பிடிக்க அளவைக் குறைத்தால், மீண்ட தசை திரும்பத் தளரலாம். அட்ராகுரியம் என்ற வேறு தசைத்தளர்த்தி போட்டவருக்குச் சுகமடெக்ஸ் வேலையே செய்யாது. அப்புறம், சுகமடெக்ஸ் போட்டால், கருத்தடை மாத்திரை எடுப்பவரிடம் ஏழு நாளைக்கு வேறு தடுப்பும் தேவை என்று சொல்ல மறந்துவிடுகிறோம்.

கடைசியாக, தசை மீண்டதா என்று பார்க்க நோயாளியைச் செய்யச் சொல்லும் அந்த ஐந்து விநாடி தலைதூக்கல். டி.ஓ.எஃப். விகிதம் (நான்காவது துடிப்பு முதல் துடிப்பில் எத்தனை பங்கு என்பது) 0.6 இருக்கும்போதே பலர் தலையைத் தூக்கிவிடுவார்கள். விகிதம் 0.4-ஐத் தாண்டினால் துடிப்புகள் தேய்வது கண்ணுக்கோ கைக்கோ பிடிபடாது. தொண்டைத் தசைகள் ஒழுங்காக விழுங்க, கட்டைவிரலில் எண்ணாக அளந்த 0.9 வேண்டும். அது வரும்வரை டியூப் உள்ளேயே இருக்கட்டும், புரோபோஃபாலும் ஓடட்டும்.