குர்தி வாங்கும்போது எம், எல் என்ற அளவுகளை நம்பாதீர்கள்; இஞ்சைப் பாருங்கள்

ஒரு கம்பெனியின் எம் சரியாக இருக்கும், இன்னொன்றின் எக்ஸ்எல் கூட அக்குளில் பிடிக்கும். உடம்பு மாறவில்லை, ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஓர் அளவு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1958-ல் பெண்கள் உடைக்குப் பொது அளவு ஒன்று கொண்டுவந்தார்கள். அதையும் 1983-ல் கைவிட்டார்கள்.

உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் குர்தி ஒன்றை எடுத்துக் கட்டிலில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். ஒரு கைக்குழியின் அடியிலிருந்து மறு கைக்குழியின் அடி வரை டேப்பால் அளந்து இரண்டால் பெருக்குங்கள். 19 இஞ்ச் என்றால் மார்புச் சுற்றளவு 38. இடுப்பும் இப்படித்தான். தோளை மட்டும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் போனில் போட்டு வைத்தால் கடையிலும் கைகொடுக்கும்.

ஆன்லைனில் அளவுப் பட்டியல் தருவது உடம்பின் அளவா, தைத்த உடையின் அளவா என்று பாருங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மார்பு 36 என்றால் இழுபடாத காட்டன் குர்தி 38-ஆவது இருக்க வேண்டும். லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்ததென்றால் அவ்வளவு தேவையில்லை.

அப்புறம், உள்பக்கத்தைத் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். அரை இஞ்ச் துணி விட்டிருந்தால் டைலரிடம் பிரித்துக்கொள்ளலாம். ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. காட்டன் முதல் துவையலில் சுருங்கக்கூடும் என்பதால், பிடித்துத் தைப்பதாக இருந்தால் ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே கொடுங்கள்.